நள்ளிரவில் வந்த அழைப்பும் மகனின் கிட்னியும்

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். வயது 44. வீட்டிலேயே தையல் வேலை. மூன்று ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். நோயைக் கண்டுபிடித்தபோதே இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டிருந்தன, காரணம் என்னவென்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. இவருடைய சித்தப்பா ஒருவரும் கிட்னி செயலிழந்துதான் இறந்தார். ரத்த வகை ஓ பாசிட்டிவ், கணவருக்கு ஏ பாசிட்டிவ். இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னிக்காகப் பதிவு செய்திருக்கிறார்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. தானம் தருபவருக்கு 61 வயது, ரத்த அழுத்தம் உண்டு, மூளையில் ரத்தக்கசிவு. "வயதானவர், அதுவும் செத்தவர் கிட்னி இரண்டு வருடம்கூடத் தாங்காது" என்று வீட்டில் சொல்ல, வேண்டாம் என்று கூறிவிட்டார்கள். இவரோடு ஒரே நேரத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த இன்னொரு பெண் அதை ஏற்றுக்கொண்டார். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவருக்கு இரண்டு வாரம் டயாலிசிஸ் தேவைப்பட்டது. "கிட்னி பிடிக்கவில்லை" என்று எல்லோரும் பேசினார்கள். இப்போது அந்தப் பெண்ணின் கிரியாட்டினின் (கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.6, டயாலிசிஸ் இல்லை.

"என் கிட்னியை நானே கைவிட்டுவிட்டேனா, டாக்டர்? 22 வயது மகன் தன் கிட்னியைத் தருகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். பெற்ற பிள்ளையின் கிட்னிதான் நன்றாகப் பொருந்தும் என்கிறார்கள். கணவரின் அண்ணன் யாரோ ஒருவரைப் பிடித்திருப்பதாகவும், பணம் கொடுத்தால் உறவினர் என்று காட்டி முடித்துவிடலாம் என்றும் சொல்கிறார். என்ன செய்வது?" இதுதான் கேள்வி. கடைசியில் ஒரு வரி: "யாரோ ஒருவர் சாக வேண்டும் என்று நான் காத்திருப்பதே பாவமாகத் தோன்றுகிறது."

அன்புச் சகோதரி,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் பட்டியலில் இருப்பதால் யாரும் சாவதில்லை. விபத்தும் ரத்தக்கசிவும் உங்கள் பெயரைப் பார்த்து வருவதில்லை. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்து மூளைச்சாவை உறுதி செய்த பிறகுதான் குடும்பத்தினரிடம் தானம் பற்றிய பேச்சே வரும். அவர்கள் சம்மதித்தால் அந்தக் கிட்னி ஒருவருக்குப் போகும், மறுத்தால் யாருக்கும் பயன்படாமல் போகும். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடக்கிறது. கொடுக்கிற குடும்பம் பெருமையாக நினைக்கிற ஒன்றைப் பெற்றுக்கொள்ள நீங்கள் கூசத் தேவையில்லை.

இனி "செத்தவர் கிட்னி" என்ற பேச்சு. மூளைச்சாவு அடைந்தவரின் இதயம், வென்டிலேட்டர் தரும் சுவாசத்தின் உதவியோடு துடித்துக்கொண்டிருக்கும்போதே கிட்னி எடுக்கப்படுகிறது. எடுத்தவுடன் குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தைச் செலுத்தி ரத்தத்தைக் கழுவி, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவருவோம். உயிருள்ள திசுதான் உங்கள் வயிற்றின் கீழ்ப்பக்கத்தில் பொருத்தப்படுகிறது. உயிரோடு இருப்பவர் தரும் கிட்னிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் பேசிக்கொள்வதைப் போல அது இரண்டு ஆண்டுக் கதை அல்ல.

எத்தனை ஆண்டு உழைக்கும்?

நீண்ட காலக் கணக்கு நன்றாகப் பராமரிக்கப்படும் நாடு அமெரிக்கா என்பதால் அந்த எண்களைச் சொல்கிறேன். அங்கே இறந்தவரிடமிருந்து பெற்ற கிட்னிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை முதல் ஆண்டு முடிவில் வேலை செய்கின்றன. ஐந்தாம் ஆண்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு. 2014 முதல் 2017 வரை பொருத்தப்பட்டவற்றில் பாதி, சுமார் 11.7 ஆண்டுகளைத் தாண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர் தந்த கிட்னிக்கு அதே கணக்கு 19.2 ஆண்டுகள். 1990களின் பிற்பகுதியில் இவை முறையே 8.2, 12.1 ஆக இருந்தன.

இந்த எண்களை அப்படியே உங்கள் ஜாதகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிட்னி நன்றாக இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தவர்களும் இந்தக் கணக்கில் "இழப்பு" என்றுதான் சேர்கிறார்கள். நம் ஊரில் தொற்று அதிகம், குறிப்பாகக் காசநோய். முதல் ஆண்டில் நாங்கள் பயப்படுவது பல சமயம், புதுக் கிட்னியை உடல் எதிர்த்துத் தாக்கும் நிராகரிப்பைவிடத் தொற்றுக்குத்தான். அதோடு 61 வயதுக்காரரின் கிட்னிக்கு இந்தச் சராசரியைவிடக் குறைவான ஆயுளையே எதிர்பார்க்க வேண்டும். அந்த அளவில் உங்கள் வீட்டாரின் தயக்கத்தில் நியாயம் உண்டு.

ஆனால் அவர்கள் எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். 61 வயதுக் கிட்னியையும், மனதில் இருந்த ஓர் இளைஞனின் கிட்னியையும். அன்றிரவு அந்த இளைஞனின் கிட்னி யார் கையிலும் இல்லை. உங்கள் முன் இருந்தவை இரண்டு: இந்தக் கிட்னி, அல்லது இன்னும் எத்தனை நாள் என்று தெரியாத டயாலிசிஸ். இந்த ஒப்பீட்டைச் செய்து பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. 1999இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பட்டியலில் காத்திருப்பவர்களையும் அதே பட்டியலிலிருந்து இறந்தவரின் கிட்னி பெற்றவர்களையும் ஒப்பிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களில் இறக்கும் அபாயம் காத்திருப்பவர்களைவிட 2.8 மடங்கு. நீண்ட கால நோக்கில் அதே அபாயம் 68 சதவீதம் குறைவு. ஆரம்பத்தில் ஒரு விலை கொடுத்து, பின்னால் பெரிதாக மீட்டெடுக்கிறோம்.

வயதானவர்களின், ரத்த அழுத்தம் இருந்தவர்களின் கிட்னிகளுக்கும் இது பொருந்துமா? அதையும் பார்த்திருக்கிறார்கள். 2001இல் வந்த ஆய்வில், இப்படிப்பட்ட கிட்னி பெற்றவர்களுக்குக் காத்திருந்தவர்களைவிடச் சராசரியாக ஐந்து ஆண்டு ஆயுள் கூடியது. 2005இல் வந்த இன்னோர் ஆய்வு சற்றுக் கவனமாகப் பிரித்துச் சொன்னது: நாற்பதைக் கடந்தவர்களுக்கும், காத்திருப்புக் காலம் ஏறக்குறைய நான்கு ஆண்டுகளைத் தாண்டும் பகுதிகளில் இருப்பவர்களுக்கும் இது லாபம், இளம் வயதினரும் சீக்கிரம் வேறு கிட்னி கிடைக்கக்கூடியவர்களும் பொறுத்திருக்கலாம். உங்களுக்கு 44. ஓ பிரிவு என்பதால் ஓ கிட்னி மட்டுமே ஆகும், ஆகவே காத்திருப்பும் நீளம். அன்று அழைப்பு வந்த வேளையில் நான் உங்கள் மருத்துவராக இருந்திருந்தால், தானம் தருபவரின் கிரியாட்டினின் சரியாக இருக்கும்பட்சத்தில், "கிளம்பி வாருங்கள்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதற்காக நீங்கள் குற்றவாளி என்று பொருள் அல்ல. வாழ்க்கையில் இவ்வளவு பெரிய முடிவை இரவு பதினொரு மணிக்குப் பத்து நிமிடத்தில் எடுக்கச் சொல்கிறோம். அதற்கு முன்பாகவே, பதிவு செய்யும் நாளிலேயே, எந்தெந்தக் கிட்னியை ஏற்பீர்கள் என்று உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியது எங்கள் தரப்பு வேலை. பல மருத்துவமனைகளில் அது நடப்பதில்லை.

பிறகும் டயாலிசிஸ் செய்தால் தோல்வியா?

உங்கள் தோழிக்கு நடந்தது தோல்வி அல்ல. மூளைச்சாவின்போது தானம் தருபவரின் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும். பிறகு கிட்னி பல மணி நேரம் பனிக்கட்டியில் இருக்கிறது. இந்த இரண்டு அடியும் சேர்ந்து அதன் நுண்குழாய்கள் தற்காலிகமாக வேலையை நிறுத்துகின்றன. அமெரிக்காவிலேயே இறந்தவரின் கிட்னி பெறுபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்படுகிறது. "கிட்னி இன்னும் விழிக்கவில்லை" என்று நோயாளிகளிடம் சொல்வோம். சில நாட்களிலோ இரண்டு மூன்று வாரங்களிலோ பெரும்பாலானவை விழித்துக்கொள்ளும். அதுவரை நிராகரிப்பு எதுவும் மறைந்திருக்கிறதா என்று பார்க்க பயாப்சி (கிட்னியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுப்பதும் உண்டு. உடனே சிறுநீர் பிரிந்த கிட்னியைவிட இதன் நீண்ட கால ஆயுள் சற்றுக் குறையலாம். மற்றபடி கிரியாட்டினின் 1.6 என்பது, 61 வயதுக்காரரின் கிட்னிக்கு நல்ல எண்.

தோழிக்கு என் சார்பில் ஒரு செய்தி சொல்லுங்கள்: "இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிடுவாய்" என்று டயாலிசிஸ் அறையில் பேசுகிறவர்களை நம்பி மாத்திரையில் அலட்சியம் காட்ட வேண்டாம். திரும்பி வருகிறவர்களில் கணிசமானோர், உடம்பு தேறியதும் மாத்திரையைத் தள்ளிப்போட்டவர்கள்.

மகனின் கிட்னிதான் நன்றாகப் பொருந்துமா?

தாயிடமிருந்து பாதி மரபணு மகனுக்குப் போகிறது, அந்தப் பாதி பொருந்தும் என்பது உண்மை. ஆனால் இன்னொரு பாதி உங்கள் கணவருடையது. கருவுற்ற காலத்தில் அந்தப் பாதியை உங்கள் உடல் அந்நியமாகக் கண்டு, அதற்கு எதிரான ஆன்டிபாடிகளை, அதாவது ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் புரதங்களை, உருவாக்கியிருக்கலாம். இரண்டு பிரசவம் ஆனவர் நீங்கள். டயாலிசிஸின் முதல் ஆண்டில் மூன்று யூனிட் ரத்தமும் ஏற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் ஆன்டிபாடிகளைத் தூண்டும். எனவே பிள்ளைகளின் கிட்னியும் கணவரின் கிட்னியும்தான் உங்களுக்குக் கிராஸ்மேட்ச்சில் (உங்கள் ரத்தம் தருபவரின் செல்களைத் தாக்குகிறதா என்று பார்க்கும் பரிசோதனை) சிக்கல் தரக்கூடியவை. பரிசோதித்தால் ஒன்றும் இல்லாமலும் போகலாம். "பெற்ற பிள்ளை என்பதால் பொருந்தும்" என்பது மட்டும் ஒரு பெண்ணின் விஷயத்தில் அப்படியே செல்லாது.

பொருத்தம் குறைவாக இருப்பதே பெரிய தடை என்று நினைப்பதும் பழைய எண்ணம். 1995இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு, கணவன் மனைவிக்குள் தரப்பட்ட கிட்னிகள் மூன்று ஆண்டில் 85 சதவீதம் வேலை செய்வதைக் காட்டியது. பெற்றோர் தந்தவை 82, இறந்தவர்களிடமிருந்து வந்தவை 70. மரபணுப் பொருத்தமே இல்லாத துணையின் கிட்னி, பெற்றோரின் கிட்னிக்குச் சமமாக நின்றது. எடுத்த கையோடு பொருத்தப்படும் ஆரோக்கியமான கிட்னி என்பதுதான் அதன் பலம்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறு. உங்கள் நோய்க்குக் காரணம் தெரியவில்லை, சித்தப்பாவும் கிட்னி செயலிழந்து இறந்திருக்கிறார். இது குடும்பத்தில் வருகிற நோயாக இருக்கலாம். 22 வயதில் சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வந்து, 40 வயதில் நோய் தலைகாட்டுவது நடக்கக்கூடியது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருமா என்பதும் 22 வயதில் தெரியாது. பொதுவாக கிட்னி தானம் செய்தவர்களுக்கு அபாயம் குறைவுதான்: 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின் கணிப்பில், வாழ்நாளில் கிட்னி செயலிழக்கும் வாய்ப்பு தானம் செய்தவர்களுக்குப் பத்தாயிரத்துக்கு 90, அவர்களைப் போலவே ஆரோக்கியமாக இருந்து தானம் செய்யாதவர்களுக்கு 14. சிறிய எண்தான், ஆனால் முன்னால் அறுபது ஆண்டு வாழ்க்கை இருப்பவனுக்கும், குடும்பத்தில் நோய் இருப்பவனுக்கும் அதே துணிச்சலோடு சொல்ல மாட்டேன். மரபணுப் பரிசோதனை செய்து காரணம் தெரியும்வரை மகனின் பெயரை ஒதுக்கி வையுங்கள் என்பது என் கருத்து. சட்டம் 18 வயது நிரம்பினால் போதும் என்கிறது. மருத்துவம் அதோடு திருப்தி அடைய முடியாது.

கணவர் தரலாமா என்று நீங்கள் கேட்கவே இல்லை. ரத்த வகை ஒத்துவராது என்று அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது போலிருக்கிறது. நம் நாட்டில் கணவனுக்கு மனைவி கொடுப்பது சாதாரணம், மனைவிக்குக் கணவர் கொடுப்பது அபூர்வம் என்பதையும் ஒரு பெருமூச்சோடு குறித்துக்கொள்கிறேன். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உங்களைப் போலவே சிக்கிக்கொண்ட இன்னொரு தம்பதியோடு மாற்றிக்கொள்வது. 2011 சட்டத் திருத்தம் இதை அனுமதிக்கிறது. ஆனால் ஏ கொடுத்து ஓ வாங்கச் சம்மதிக்கும் ஜோடி எளிதில் கிடைக்காது. இன்னொன்று, உங்கள் ரத்தத்திலுள்ள எதிர்ப்பைப் பிளாஸ்மா மாற்று சிகிச்சையாலும் மருந்தாலும் குறைத்துவிட்டு, வேறு ரத்த வகைக் கிட்னியையே பொருத்துவது. செலவும் தொற்று அபாயமும் கூடும், ஆனால் இந்தியாவில் பல மையங்களில் செய்கிறார்கள். கணவரின் உடல்நிலை ஒத்துழைத்தால், அவருக்கு எதிரான ஆன்டிபாடி அளவைப் பார்த்துவிட்டு இதைப் பற்றி முடிவெடுக்கலாம்.

பணம் கொடுத்து வாங்குவது

இதில் எடைபோட ஒன்றும் இல்லை. 1994 மனித உறுப்பு மாற்றுச் சட்டம், 2011இல் திருத்தப்பட்ட பிறகு, கிட்னியை விலைக்கு வாங்குவோருக்கும் விற்போருக்கும் தரகருக்கும் ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறையும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வாங்குகிறவர் பாதிக்கப்பட்டவர் என்று சட்டம் இரக்கம் காட்டாது. பொய்யான உறவுமுறைச் சான்றில் கையெழுத்திடுவது நீங்களும் உங்கள் கணவரும்தான், அண்ணன் அல்ல. 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களின் கிட்னிகள் விற்கப்பட்ட விவகாரம் வெளியானது உங்கள் பக்கத்து ஊர்ச் செய்திதான். மருத்துவமாகவும் இது மோசம்: அவசரத்தில் பரிசோதிக்கப்பட்டவர், தன் நோயை மறைக்கக் காரணம் உள்ளவர், நாளைக்குத் தேடினால் கிடைக்காதவர்.

அடுத்த அழைப்புக்கு முன்

முதலில், பட்டியலில் உங்கள் பெயர் இன்னும் செயலில் இருக்கிறதா என்று உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். மறுத்தவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டு, அதை அறியாமலேயே மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ரத்த மாதிரி, எக்கோ (இதய ஸ்கேன்), ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஆகியவை காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் குறைந்தால் ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொய்டின் ஊசி, இரும்புச்சத்து ஊசி என்று கேளுங்கள். உயிருக்கு ஆபத்து இல்லாதவரை ரத்தம் ஏற்ற வேண்டாம். அப்படியே ஆன்டிபாடி அளவையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அது அதிகமாக இருந்தால் வருகிற கிட்னிகளில் பல உங்களுக்கு ஆகாது. அப்போது பொருந்துகிற ஒன்றை மறுப்பது இன்னும் பெரிய இழப்பு.

அழைப்பு வந்தால் கேட்க வேண்டியவை இவை: தானம் தருபவரின் வயதும் இறப்புக்கான காரணமும், அவருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ எத்தனை ஆண்டுகளாக, மருத்துவமனைக்கு வந்த அன்று கிரியாட்டினின் எவ்வளவு, இப்போது எவ்வளவு, சிறுநீர் நன்றாகப் பிரிகிறதா, கிட்னி பனிக்கட்டியில் எத்தனை மணி நேரம் இருக்கும், இவற்றையெல்லாம் பார்த்த உங்கள் மருத்துவர் தன் தங்கைக்காக இருந்தால் ஏற்பாரா. கடைசிக் கேள்விக்கு எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். வந்த அன்று 1.0 இருந்து ஐ.சி.யூ.வில் 2.0 ஆனது பெரும்பாலும் தேறக்கூடியது. வந்த அன்றே 2.0 இருந்தால் அது வேறு கதை.

இறந்தவரின் குணம் கிட்னியோடு வருமா என்று மாமியார் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வராது. பிரெட்னிசலோன் மாத்திரையால் பசியும் கோபமும் கொஞ்சம் கூடும், அது மருந்தின் குணம்.

மருந்தைப் பற்றி இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ், மைகோஃபெனோலேட், பிரெட்னிசலோன் மூன்றும் கிட்னி இருக்கும்வரை தொடரும். டாக்ரோலிமஸ் கடிகாரம் பார்த்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை. பம்ப்ளிமாஸ் பழம் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் பாதாளத்துக்கு இறக்கிவிடும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரையும், கிட்னிக்கு நல்லது என்று யாரோ தரும் சூரணமும் கூடவே கூடாது. செலவைப் பற்றிய பயம் நியாயமானது: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிட்னி மாற்று அறுவை சிகிச்சை உண்டு, அரசு மருத்துவமனையில் செய்துகொள்பவர்களுக்கு மருந்தும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கிறது. தனியாரில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்பதால் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மாத மருந்துச் செலவை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து வாங்க முடியாமல் போகும் கிட்னி, எவ்வளவு இளையவருடையதாக இருந்தாலும் நிலைக்காது.

அடுத்த முறை கிட்னி மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் மகனையும் அழைத்துச் செல்லுங்கள். மகனிடம் நீங்கள் "வேண்டாம்" என்று சொன்னால் அவன் அதைத் தாயின் பாசம் என்று தள்ளிவிடுவான். குடும்ப நோய் பற்றியும் மரபணுப் பரிசோதனை பற்றியும் மருத்துவர் அவனிடம் தனியாகப் பேசட்டும். தானம் தர முன்வருபவரிடம் தனியாகப் பேசுவது எங்கள் வழக்கம்தான். அவனுக்கு உள்ளுக்குள் பயம் இருந்தால் அதை வீட்டாருக்குத் தெரியாமல் சொல்லிக்கொள்ளவும் அந்த அறையில் இடம் உண்டு.